அனுமதி வாங்காத மலைச்சாலை

என் தம்பி கடையில் இருந்த அந்த விளையாட்டு மிஷின் முன்னால் வந்து நின்றவர்கள் எல்லோரும் முதலில் கேட்டது, "இது எந்தப் படம்?" என்றுதான். ஒரு கண்ணாடியில் வண்ணம் தீட்டிப் பின்னால் விளக்கு எரியவிட்டால் அது ஏதாவது சினிமாவிலிருந்துதான் வந்திருக்க வேண்டும் என்று எங்கள் ஊரில் எல்லோருக்கும் ஒரு தீர்மானம். எந்தப் படமும் இல்லை, பொன்முடி மலைக்குப் போகிற ரோடு என்று சொன்னால் நம்பமாட்டார்கள். அந்த ரோட்டில் எடுத்த படம் எது என்று அடுத்த கேள்வி வரும். எனக்கு இயல்பிலேயே பொறுமை குறைவு. வகுப்பில் பிள்ளைகளிடம் காட்டுகிற முகத்தை அவர்களிடமும் காட்டிவிட்டு நகர்ந்துவிடுவேன்.

நாங்கள் அப்போது கரமனையில் ஆற்றுக்குப் பக்கத்துத் தெருவில் வாடகைக்கு இருந்தோம். எண்பதுகளின் தொடக்கம். திருவனந்தபுரத்தில் ஒரு பள்ளிக்கூடத்தின் தமிழ்ப் பிரிவில் எனக்கு ஆசிரியை வேலை. என் கணவர் பஸ் டிரைவர். டிரைவராக இருந்தவர் என்று சொல்வதுதான் சரி. நாகர்கோவில் பக்கத்திலிருந்து சின்ன வயதிலேயே வந்து, ஒரு பட்டறையில் பஸ்ஸுக்கும் லாரிக்கும் பெயர் எழுதுகிற வேலை பார்த்து, பிறகு ஸ்டியரிங் பிடித்தவர். கடைசிவரை பொன்முடி வண்டிதான் ஓட்டினார்.

மழைக்காலத்தில் ஒரு சாயங்காலம் மலையேறிக்கொண்டிருந்த அவர் வண்டியின் பின்சக்கரத்துக்குக் கீழே ரோட்டின் ஓரம் கரைந்து சரிந்தது. ஒரு வளைவில். வண்டி இடது பக்கம் கவிழ்ந்து மரங்களில் சாய்ந்து நின்றது. வண்டியில் இருந்தவர்கள் காயத்தோடு பிழைத்தார்கள். தேயிலை எஸ்டேட்டின் வரிசை வீடுகளில், லயத்தில், குடியிருந்த ஒரு பெண் மட்டும் பிழைக்கவில்லை. விசாரித்தவர்கள் டிரைவர் மேல் தப்பு இல்லை என்று எழுதிக் கொடுத்துவிட்டார்கள். என் கணவர் அதை ஏற்றுக்கொள்ளவில்லை.

மலையடிவாரத்தில் ஒரு காணிக்கைப் பெட்டி உண்டு. மேலே போகிற எந்த டிரைவரும், எந்தச் சாமியைக் கும்பிடுகிறவரானாலும், வண்டியை மெதுவாக்கி அதில் ஒரு காசு போட்டுவிட்டுத்தான் முதல் வளைவில் திரும்புவார். அன்றைக்கும் காசு போட்டுவிட்டுத்தான் ஏறினார் என்று கூட வந்த கண்டக்டர் என்னிடம் சொன்னார். போடாமல் போயிருந்தால் அதன் மேலாவது பழியைப் போட்டிருக்கலாம்.

பிறகு அவர் வேலைக்குப் போகவில்லை. பஸ்ஸிலும் ஏறவில்லை. முன்னறை ஜன்னலுக்குப் பக்கத்தில் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். எதைக் கேட்டாலும் ஒரு 'ம்'. நான் கெஞ்சிப் பார்த்தேன், சண்டை போட்டுப் பார்த்தேன், நானும் பேசாமல் இருந்து பார்த்தேன். மூன்றாவது என்னால் ஒரு நாள்கூட முடியவில்லை. அவர் திரும்பவும் நாலு பேர் நடுவில் வந்து நிற்க வேண்டும். அது ஒன்றுதான் எனக்கு வேண்டியிருந்தது.

என் தம்பிக்குத் தம்பானூரில் பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் கூல்டிரிங்ஸ் கடை. ஒரு நாள் டெம்போ பிடித்து, சவப்பெட்டி நீளத்துக்கு ஒரு சாமானைக் கொண்டுவந்து எங்கள் வீட்டு முன்னால் இறக்கினான். கோவளத்தில் வெளிநாட்டுக்காரர்கள் தங்குகிற ஒரு ஹோட்டலில் கடற்காற்றில் துருப்பிடித்து மூலையில் கிடந்ததாம். பின்பால் மிஷின். சரிவான பலகையில் ஓர் இரும்புக்குண்டை விசைக்கம்பியால் மேலே ஏற்றிவிட வேண்டும். அது தடுப்புகளில் முட்டி, மணி அடித்து, விளக்கேற்றி, உருண்டு இறங்கும். கீழே வரும்போது பக்கத்துப் பொத்தான்களை அழுத்தினால் இரண்டு சின்னக் கைகள் அதைத் தட்டித் திரும்ப மேலே அனுப்பும். கைக்கு நடுவிலோ ஓரத்து ஓடையிலோ விழுந்துவிட்டால் குண்டு போயிற்று.

"அத்தான், ஒண்ணு எழும்பி வந்து பாருங்க. உள்ள முழுக்க வயரும் காயிலும். ஒங்களுக்கு வண்டி ரிப்பேர் எல்லாம் தெரியும் அல்லே? எனக்கு வேற யாரு இருக்கா?" என்றான் தம்பி.

அவனுக்கு வேறு ஆளா கிடையாது? ஸ்டாண்டைச் சுற்றி நாலு ரேடியோ மெக்கானிக்குகள் இருந்தார்கள். அவன் அதை எங்கள் வீட்டுக்குக் கொண்டுவந்தது ஏன் என்று எனக்குத் தெரியும். அவனோடு எத்தனை சண்டை போட்டிருந்தாலும் அந்த ஒன்றுக்காக அவனை மன்னித்துவிடலாம்.

மிஷினுக்குத் தலைப்பக்கத்தில் நிமிர்ந்து நிற்கிற ஒரு கண்ணாடி. அதில் ஒரு வெளிநாட்டுச் சினிமாவின் கதாநாயகன். கண்ணாடியின் பின்பக்கம் தீட்டியிருந்த வண்ணம் உப்புக்காற்றில் செதில் செதிலாக உதிர்ந்து, அவனுக்கு ஒரு கண்ணும் ஒரு துப்பாக்கியும்தான் மிச்சம். அடியில் பொடி எழுத்தில் ஆங்கிலத்தில் ஒரு வரி. தம்பி என்னைப் படிக்கச் சொன்னான். இந்தப் படமும் முகமும் உரியவர்களின் அனுமதி பெற்றுப் பயன்படுத்தப்பட்டவை என்று இருந்தது.

"ஒரு மூஞ்சிய வரையதுக்கு அனுமதியா? துட்டு குடுத்தா?"

"குடுத்திருப்பாங்க."

"அப்போ நம்மூர்ல முடிவெட்டுற கடைக்காரன், ஆட்டோக்காரன், சோடாக்காரன் எல்லாரையும் ஜெயில்லதான் போடணும்" என்று சிரித்தான்.

என் கணவர் சிரிக்கவில்லை. நாற்காலியிலிருந்து எழுந்து வந்து, குனிந்து அந்த வரியைப் பார்த்தார். "யாருட்ட வாங்கணும்?" என்று கேட்டார். யாருடைய முகமோ அவர்களிடம் என்றேன். 'ம்' என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவராகக் கேட்ட முதல் கேள்வி அது.

ஹோட்டல் எலக்ட்ரீஷியன் சொன்னதாகத் தம்பி ஒரு விவரம் சொன்னான். முன்னால் வந்த மிஷின்களில் சீட்டுக்கட்டு ராணி, சர்க்கஸ், குதிரைப் பந்தயம் என்று செய்தவர்களே யோசித்து வரைந்த படங்கள்தான் இருக்குமாம். பிறகுதான் சினிமாக்காரர்களும் பாட்டுக்காரர்களும் கண்ணாடியில் ஏறினார்களாம். எனக்கு அதில் ஆச்சரியம் ஒன்றும் இல்லை. தெரிந்த முகத்தைப் போட்டுவிட்டால் பாதிக் கதை ஏற்கெனவே சொல்லியாயிற்று. பார்க்கிறவன் ஒரு அன்போடு வந்து நிற்பான். சொந்தமாக ஒன்றை வரைந்தால் இது என்ன, ஏன், யார் என்று முதலிலிருந்து ஆரம்பிக்க வேண்டும். அதற்கு நிற்கிற பொறுமை எத்தனை பேருக்கு இருக்கிறது?

வயர், காயில், விளக்கு எல்லாவற்றையும் என் கணவர் ஒவ்வொன்றாகச் சரிசெய்தார். நம் நாணயம் விழும்படி காசுத் துளையை மாற்றினார். பிறகு தலைக்கண்ணாடியைக் கழற்றி, அந்த ஒற்றைக் கண்ணையும் துப்பாக்கியையும் அடியிலிருந்த பொடி எழுத்தையும் பிளேடால் சுரண்டி எடுத்தார். நம் ஊர் நடிகர் ஒருவரை வரையப்போகிறார் என்றுதான் தம்பியும் நானும் நினைத்தோம்.

அவர் வரைந்தது வேறு. பஸ்ஸின் நெற்றியில் விளக்கு எரிய ஊர்ப் பெயர் தெரியும் கண்ணாடிப் பலகைகளைப் பட்டறையில் எழுதிப் பழகியவர் அவர். கண்ணாடியின் பின்பக்கம் வரைவது தலைகீழ் வேலை. முன்னால் தெரிய வேண்டியதை முதலில் வரைய வேண்டும். அது காய்ந்தபின் அதற்குப் பின்னால் இருப்பது. கடைசியில்தான் வானம். காகிதத்தில் வரைவதைப்போல் வானத்தை முதலில் பூசிவிட்டால் பிறகு எதை வரைந்தாலும் முன்பக்கம் தெரியாது. இடம் வலமாகும், வலம் இடமாகும். அவர் முதலில் வரைந்தது ஒரு பஸ். எஸ்டேட் லயத்துக்கு முன்னால், மலைக்கு மேலே வந்து சேர்ந்து நிற்கிற பஸ். அதற்குப் பின்னால் லயத்து வீடுகள், தேயிலைச் சரிவு, மலை, கடைசியாக மூடுபனியோடு வானம்.

ஆட்டப் பலகையிலும் ரோடு ஓடியது. அடியிலிருந்து உச்சிவரை வளைவு வளைவாக. காசுத் துளையைச் சுற்றி அடிவாரத்துக் காணிக்கைப் பெட்டியை அப்படியே வரைந்திருந்தார். நான் விரலை வைத்து ரோட்டைத் தொடர்ந்துகொண்டே போனேன். இடது ஓரத்தில் ஒரு வளைவில் விரல் நின்றது. அங்கே முன்பு குண்டு விழுந்து காணாமல் போகிற ஓடை இருந்தது. அதை அடைத்து, தடித்த ரப்பரில் ஒரு சுவர் வைத்திருந்தார். எத்தனை வேகமாக வந்தாலும் குண்டு அந்த இடத்தில் விழ முடியாது. முட்டித் திரும்பும்.

எந்த வளைவு என்று அதுவரை அவர் என்னிடம் சொன்னதில்லை. நான் அடுக்களைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதேன்.

அழுது முடித்ததும் கோபம் வந்தது. தம்பி வந்து பார்த்துவிட்டு முகத்தைச் சுளித்தபோது நான் அவன் பக்கம்தான் பேசினேன். நடிகர் படமே இருக்கட்டும் என்றேன். மறக்க வேண்டிய ஒன்றை விளக்குப் போட்டு வைத்துக்கொண்டு தினமும் பார்க்கிற வீடு உண்டா? அப்போது அப்படித்தான் நினைத்தேன். அப்படி நினைத்தது தப்பென்று இன்றும் எனக்குத் தோன்றவில்லை.

"அத்தான், வேலை எல்லாம் ஜோரு. நான் குத்தம் சொல்லல. ஆனா ஜனங்க மூஞ்சியப் பாத்துத்தான் காசு போடுவாங்க, ரோட்டப் பாத்து யாரு போடுவா?" என்றான் தம்பி.

"கொஞ்ச நாளு இருக்கட்டும்" என்றார் அவர். அவ்வளவுதான். கெஞ்சவும் இல்லை, விளக்கவும் இல்லை.

மிஷின் கடைக்குப் போயிற்று. அதோடு அவரும் போனார். கரமனையிலிருந்து தம்பானூருக்குக் காலையில் நடந்தே போவார், சாயங்காலம் நடந்தே வருவார். பஸ்கள் அவரை உரசிக்கொண்டு போகும், ஏறமாட்டார். ஆனால் வெளியே போனார். கடையில் பெஞ்சில் உட்கார்ந்து, ஆடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருப்பார். குண்டு சிக்கினால் எடுத்துவிடுவார். பழுது பார்க்கும்போது குண்டைக் கையால் உருட்டிப் பார்ப்பாரே தவிர, ஒருநாளும் விசைக்கம்பியை இழுத்து ஆடியதில்லை. அதை நான் கவனித்திருந்தேன், தம்பியும் கவனித்திருந்தான்.

காலேஜ் பையன்கள் வந்து, எந்தப் படம் என்று கேட்டு, ஏமாந்து, ஆனாலும் ஒருமுறை ஆடிப் பார்த்தார்கள். யாரும் எதிர்பார்க்காத கூட்டம் ஒன்றும் வந்தது. மலைக்குப் போகிற டிரைவர்கள். முதலில் வந்தவர் வயசான ஒரு மலையாளி. கண்ணாடியை ரொம்ப நேரம் பார்த்தார். காசுத் துளையில் பெட்டியின் படத்தைப் பார்த்தார். ஒரு நாணயத்தை எடுத்துக் கண்ணில் ஒற்றி உள்ளே போட்டுவிட்டு, மிஷின் மணியடித்து விளக்கெல்லாம் எரிய, திரும்பிப் பார்க்காமல் நடந்தார்.

"சேட்டா, களி கழிஞ்ஞில்லா!" என்று தம்பி கூப்பிட்டான். ஆட்டம் பாக்கி இருக்கிறது என்று.

"எனிக்கு வண்டி எடுக்கான் சமயமாயி. களி வேறே ஆரெங்கிலும் களிச்சோட்டே" என்றார். வண்டி எடுக்க நேரமாயிற்றாம், ஆட்டத்தை வேறு யாராவது ஆடட்டுமாம். போய்விட்டார்.

அதன் பிறகு அது ஒரு வழக்கமே ஆகிவிட்டது. வண்டி எடுக்கும் முன்னால் வந்து காசு போடுவார்கள், போய்விடுவார்கள். அவர்கள் விட்டுப்போன ஆட்டத்தை அடுத்து வந்தவன் ஆடுவான். சர்பத் குடிக்க வந்த ஹோட்டல் வேலைக்காரர்கள் டிரைவர்கள் வருகிற நேரம் பார்த்துக் காத்திருக்க ஆரம்பித்தார்கள். தம்பிக்குத் தலைவலி. மிஷின் ஓய்வில்லாமல் ஓடியது, அதில் பாதி ஓசி ஆட்டம். இடது ஓடை அடைபட்டதால் ஒவ்வொரு ஆட்டமும் நீண்டுகொண்டே போனது. அடுத்த காசு விழ நேரமாயிற்று. கடை வாடகை கட்ட வேண்டியவன் அவன். அவன் புலம்பியதில் நியாயம் இருந்தது.

கடைசியில் நடிகர் படம் போடுவது என்று முடிவெடுத்தான். யார் படம் என்பதில் பெரிய சிக்கல். தமிழ் நடிகரைப் போட்டால் காலேஜ் பையன்கள் கோபித்துக்கொள்வார்கள். மலையாள நடிகரைப் போட்டால், எங்களைப்போல் எல்லை தாண்டி வேலைக்கு வந்த தமிழ் ஆட்கள் கடைக்குள்ளேயே சண்டை போடுவார்கள். இருவரையும் பக்கத்தில் பக்கத்தில் போட்டால் யார் வலப்பக்கம் என்று அடுத்த சண்டை. இரவல் முகத்துக்கு இவ்வளவு பஞ்சாயத்தா என்று நான்கூடக் கேலி செய்தேன். கடைசியில் ஒருவரை முடிவுசெய்து, தியேட்டருக்குப் பேனர் எழுதுகிறவரிடம் சொல்லி, புதுக் கண்ணாடியில் வரைந்து வாங்கி வந்துவிட்டான். அந்த நடிகரிடம் யாரும் அனுமதி கேட்கவில்லை என்று சொல்லத் தேவையில்லை.

மாற்றுவதற்கு ஒரு ஞாயிற்றுக்கிழமை குறித்தான். என் கணவர் மறுக்கவில்லை. "படத்த மாத்திக்கோ. செவர மட்டும் தொடாண்டாம்" என்றார். அதற்கு முந்தின நாள் அவர் கடைக்குப் போகவில்லை. பழைய நாற்காலியில் ஜன்னலைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். எனக்குப் பயமாகிவிட்டது. படம் போனால் இவரும் இந்த ஜன்னலுக்கே திரும்பி வந்துவிடுவார் என்று அப்போதுதான் புரிந்தது. நடிகரே இருக்கட்டும் என்று சொன்ன அதே வாயால் தம்பியிடம் போய் வேண்டாம் என்று சொன்னேன். அவன் புதுக் கண்ணாடியைக் காட்டி, "அக்கா, இனி எப்பிடி?" என்றான்.

ஞாயிற்றுக்கிழமை மதியம் நானும் கடைக்குப் போனேன். புதுக் கண்ணாடி செய்தித்தாளில் சுற்றிச் சுவரில் சாய்ந்திருந்தது. "நானே கழத்துதேன்" என்று என் கணவர் ஸ்குரூடிரைவரை வாங்கிக்கொண்டார். முதல் திருகைத் தளர்த்தியபோது, குடையும் துணிப்பையுமாக ஒருவர் கடைக்குள் ஏறி வந்தார். ஐம்பது வயது இருக்கலாம். குளிருக்குப் போட்ட காக்கி ஸ்வெட்டரை இங்கத்து வெயிலிலும் கழற்றாமல் இருந்தார். எஸ்டேட் ஆள் என்று பார்த்ததும் தெரிந்தது.

"மல போட்ட மிஷினு இதுதானா?" என்று தமிழில் கேட்டார்.

"இதுதான். இண்ணைக்கு மாத்தப்போறோம்" என்றான் தம்பி.

"மேல வாற டிரைவர் சொன்னாரு. மாத்துறதுக்கு முன்ன ஒருக்கா பாத்துட்டுப் போவோம்னுதான் வந்தேன்."

அவர் குனிந்து ஆட்டப் பலகையைப் பார்த்தார். மூடியிருந்த கண்ணாடி மேல் விரலை வைத்து, அடிவாரத்துப் பெட்டியிலிருந்து ரோட்டோடு மேலே போனார். என் விரல் போன அதே வழி. என் விரல் நின்ற அதே இடத்தில் அவர் விரலும் நின்றது.

"இங்க செவரு கட்டியிருக்கு."

"அது ரப்பரு. குண்டு விழாம இருக்க வச்சது" என்றான் தம்பி.

"அங்க இன்னும் செவரு இல்ல. வெள்ளையடிச்ச கல்லு நாலு நட்டுவச்சிருக்கான், அவ்வளவுதான்."

என் கணவர் ஸ்குரூடிரைவரைக் கீழே வைத்தார். "அந்த வண்டிய ஓட்டினது நாந்தான்" என்றார்.

"தெரியும் சார். ஆஸ்பத்திரியில நான் ஒங்களப் பாத்தேன். நீங்க என்னப் பாக்கல." பலகையிலிருந்து விரலை எடுத்துவிட்டு, "செத்துப்போனவ எம் பொஞ்சாதி" என்றார்.

அவர் திட்டுவார் என்று நான் எதிர்பார்த்தேன். திட்டினால் குறுக்கே விழுந்து சண்டை போட உடம்பெல்லாம் தயாராக இருந்தது. அந்த மனிதரோடு நான் என்ன சொல்லிச் சண்டை போட்டிருக்க முடியும் என்று தெரியவில்லை.

"எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம் சார்" என்றார் அவர். குரலை உயர்த்தவில்லை. "எனக்குன்னு அவளப் பத்தி இருக்கிறது அந்த எடம் ஒண்ணுதான். போட்டோகூட எடுத்ததில்ல. நீங்க பாட்டுக்கு அத வரஞ்சு லைட்டப் போட்டு வச்சுட்டீங்க. ஊரே வந்து ஆடுது."

என் கணவர் தலையைக் குனிந்துகொண்டார்.

"கேட்டிருந்தா குடுத்திருப்பேன்" என்றார் அவர்.

வெளிநாட்டு நாயகனுக்குக் கீழே பொடி எழுத்தில் இருந்த வரியை நான் மறந்தே போயிருந்தேன். அன்றைக்கு எனக்கு அது நினைவுக்கு வந்தது. ஒரு நடிகனின் முகத்துக்கு உரியவர்கள் உண்டு, சொந்தமாக யோசித்து வரைந்ததற்கு யாரிடமும் கேட்க வேண்டாம் என்றுதான் நாங்கள் எல்லோரும் நினைத்திருந்தோம். வரைந்தவருடைய துக்கம் அவருடையது என்று நானும் நினைத்திருந்தேன். அதில் பாதிக்கு மேல் இந்த மனிதருடையது.

"கேக்கத் தைரியம் வரல" என்றார் என் கணவர். பிறகு நிமிர்ந்து அவரைப் பார்த்தார். "இப்பக் கேக்கேன். வச்சுக்கிடலாமா? வேண்டாம்னு சொன்னா இப்பவே எல்லாத்தையும் சுரண்டிருதேன்."

வந்தவர் தலைக்கண்ணாடியை நிமிர்ந்து பார்த்தார். லயத்துக்கு முன்னால் வந்து நிற்கிற பஸ். ஜன்னல்கள் காலி. படியில் யாரும் இல்லை. அத்தனை நாள் பார்த்தும் அதில் ஆளே இல்லை என்பதை நான் கவனிக்கவே இல்லை.

"வண்டி மேல வந்து சேந்துட்டு. ஆனா ஒரு ஆளக்கூடக் காணலயே சார்."

"வரய முடியல."

"அவள எறக்கிவிடுங்க" என்றார் அவர். "வீட்டு முன்னால எறக்கிவிடுங்க. பெறவு வச்சுக்கிடுங்க."

"எனக்கு முகம் தெரியாதே."

"முகம் வேண்டாம். எறங்கி லயத்தப் பாத்து நடக்கட்டும். முதுகு தெரிஞ்சா போதும். கனகாம்பரக் கலர் சேல. அன்னைக்கு அதத்தான் கட்டியிருந்தா." தம்பி அவசரமாக ஒரு சர்பத்தைக் கலக்கிக் கொண்டுவந்து அவர் கையில் கொடுத்தான். அவர் அதைக் குடிக்காமல் பிடித்துக்கொண்டே நின்றுவிட்டு, மேசையில் வைத்துவிட்டு, பஸ்ஸுக்கு நேரமாயிற்று என்று போய்விட்டார்.

தம்பி புதுக் கண்ணாடியைத் தூக்கி சர்பத் பாட்டில்களுக்குப் பின்னால் கொண்டுபோய் வைத்தான். யாரும் அவனிடம் சொல்லவில்லை.

ஒரு ஆளைச் சேர்ப்பதுதானே, தூரிகை எடுத்தால் ஆயிற்று என்று நினைத்தேன். அப்படி இல்லை. கண்ணாடியின் பின்பக்கம் வரைந்ததில் கடைசியாக எதையும் சேர்க்க முடியாது. வானத்துக்குப் பின்னால் அவளை வரைந்தால் அவள் தெரியமாட்டாள். அவள் தெரிய வேண்டுமானால் அந்த இடத்தில் வானத்தைச் சுரண்ட வேண்டும், மலையைச் சுரண்ட வேண்டும், தேயிலையையும் லயத்து வாசலையும் பஸ்ஸின் படியையும் சுரண்டி வெறும் கண்ணாடிக்கு வர வேண்டும். என் கணவர் கண்ணாடியை வீட்டுக்குக் கொண்டுவந்து துணி விரித்துக் கவிழ்த்துப் போட்டார். பிளேடைக் கையில் எடுத்துக்கொண்டு சும்மா இருந்தார்.

"மொதல்ல வரய வேண்டியத விட்டுட்டேன்" என்றார் என்னிடம். "வண்டியில இருந்து ஆரம்பிச்சேன். ஆள்ல இருந்து ஆரம்பிச்சிருக்கணும்."

அன்றைக்குத்தான் அவர் என்னிடம் அந்தச் சாயங்காலத்தைச் சொன்னார். மழை, கண்ணாடி துடைப்பான் நின்றுபோனது, பின்னால் யாரோ சிரித்துக்கொண்டிருந்தது, சக்கரத்துக்குக் கீழே ரோடு இல்லாமல் போனது. சுரண்டிக்கொண்டே சொன்னார். நான் உதிர்ந்த வண்ணத்தைத் துணியால் துடைத்துக்கொண்டே கேட்டேன். நடுவில் ஒரு வார்த்தைகூடப் பேசவில்லை. என்னைத் தெரிந்தவர்கள் இதை நம்பமாட்டார்கள்.

முதலில் கனகாம்பரச் சேலை. பிறகு கொண்டை, நடக்கிற கால்கள். காய்ந்தபின் பஸ்ஸின் படி, லயத்து வாசல், தேயிலை, மலை. கடைசியில் வானம். அடியில், பழைய ஆங்கில வரி இருந்த இடத்தில், கண்ணாடியில் வலமிடமாகத் தமிழில் ஒரு வரி எழுதினார். அதை எழுதிவிட்டு, எழுத்துப்பிழை இருக்கிறதா பார் என்று முன்பக்கத்தைத் திருப்பி என்னிடம் காட்டினார். பிழை இல்லை.

சில வாரங்கள் கழித்து அந்த எஸ்டேட் மனிதர் மறுபடி வந்தார். பள்ளிக்கூடம் விட்டு நானும் கடையில் இருந்தேன். அவர் கண்ணாடி முன்னால் நின்றார். சேலையைப் பார்த்தார். "கொண்ட கொஞ்சம் பெருசு" என்றார். சிரித்தாரா என்று சொல்ல முடியவில்லை. பிறகு அடியிலிருந்த எழுத்தைக் காட்டி, "என்ன எழுதியிருக்கு டீச்சரம்மா?" என்று கேட்டார்.

நான் படித்தேன். "இவளுடைய வீட்டுக்காரரின் அனுமதியோடு."

அவர் தலையை ஆட்டினார். ஸ்வெட்டருக்குள் கையை விட்டு ஒரு நாணயம் எடுத்து, கண்ணில் ஒற்றி, பெட்டித் துளையில் போட்டார். மிஷின் மணியடித்தது. விளக்குகள் எரிந்தன. குண்டு வந்து விசைக்கம்பியின் முன்னால் நின்றது. "எனக்கு ஆடத் தெரியாது" என்று என் கணவரிடம் சொல்லிவிட்டு, குடையை எடுத்துக்கொண்டு பஸ் ஸ்டாண்டைப் பார்த்து நடந்துவிட்டார்.

ஓசி ஆட்டத்துக்குக் காத்திருந்த ஒரு ஹோட்டல் பையன் பெஞ்சிலிருந்து எழுந்தான். தம்பி அவன் சட்டையைப் பிடித்து உட்கார வைத்தான்.

என் கணவர் எழுந்து மிஷின் முன்னால் போய் நின்றார். கையை வேட்டியில் துடைத்துக்கொண்டார். விசைக்கம்பியை இழுத்துவிட்டார். குண்டு உச்சிவரை ஏறி, மணிகளில் முட்டி, இடது பக்கமாகத் திரும்பி அந்த வளைவுக்கு வேகமாக இறங்கியது. சுவரில் மோதித் திரும்பி ரோட்டுக்கு வந்தது. அவர் இரண்டு கைகளாலும் பொத்தான்களைப் பிடித்துக்கொண்டு ஆடிக்கொண்டிருந்தார்.